விளையாட்டாக இருந்தவரை திறந்திருந்த வானம்: முதல் பெண் விமானிகளும் அவர்கள் எதிர்கொண்ட தடைகளும்

எஞ்சின் பூட்டிய விமானம் 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்வெளியில் முதன்முதலாக எழுந்ததிலிருந்து, விமானப் போக்குவரத்து ஒரு முறையான தொழிலாக நிலைபெற்ற 1930கள் வரை, பெண்கள் அத்துறைக்குள் நுழைந்த வரலாறு பெரும்பாலும் ஒரே சீரான ஏறுமுகமாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. முதலில் எல்லாக் கதவுகளும் அடைத்திருந்தன, துணிந்த சில பெண்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தனர் என்பது அந்தக் கதையின் சாரம். நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கும்போது இதற்கு ஏறத்தாழ நேர்மாறான ஓர் உண்மை புலப்படுகிறது. பறத்தல் ஒரு விளையாட்டாகவும் காட்சியாகவும் இருந்த காலத்தில் பெண்களை விலக்கும் எழுதப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை. அது படையின் கருவியாகவும், சம்பளம் தரும் தொழிலாகவும், அரசுகள் ஆளும் துறையாகவும் மாற மாறத்தான் விலக்கு விதியாகவும் சட்டமாகவும் உருக்கொண்டது. முதல் தலைமுறைப் பெண் விமானிகளின் சாதனையை முழுமையாக உணர, அவர்கள் எவ்வளவு தூரம் பறந்தார்கள் என்பதோடு, பறக்கும் தகுதியை நிறுவிய பிறகும் அவர்களுக்கு எவை மறுக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காட்சிக்களத்தில் கிடைத்த இடம்

விமானத்துக்கு முன்பே பலூன் பெண்களை வானுக்கு ஏற்றியிருந்தது. 1784 ஜூன் 4 அன்று பிரான்சின் லியோன் நகரில் எலிசபெத் திபிள், கட்டிவைக்கப்படாமல் தன்போக்கில் மிதந்து செல்லும் பலூனில் பயணம் செய்த முதல் பெண்ணானார். அடுத்த தலைமுறையில் சோஃபி பிளாஞ்சார் பலூன் பறப்பையே பிழைப்பாகக் கொண்டு, நெப்போலியனின் காலத்திலும் அதன் பின்னும் பாரிசின் அரசு விழாக்களில் பறந்தார்; 1819 ஜூலை 6 அன்று திவோலி பூங்காவுக்கு மேலே அவர் கொளுத்திய வாணவேடிக்கையின் தீ பலூனில் நிறைந்திருந்த ஹைட்ரஜன் வாயுவைப் பற்றிக்கொண்டதில் விழுந்து இறந்தார். பெண் பறப்பது கூட்டத்தை ஈர்க்கும் என்பதைக் காட்சி நடத்துவோர் அப்போதே அறிந்திருந்தனர். அந்த ஈர்ப்புதான் நூறாண்டுகளுக்குப் பின் விமானக் களத்திலும் பெண்களுக்கு முதல் இடத்தைப் பெற்றுத் தந்தது. பெண் விமானியைத் திறமையால் அளவிடாமல் அரிய காட்சிப்பொருளாக மட்டும் பார்க்கும் பழக்கமும் அதனோடு சேர்ந்தே வந்தது.

விமானிக்கு உரிமம் வழங்கும் முறை தொடங்கியபோது அதை வழங்கியவை அரசு அலுவலகங்கள் அல்ல, பறக்கும் ஆர்வலர்களின் சங்கங்களே. பிரான்சில் ஏரோ கிளப் து பிரான்ஸ், இங்கிலாந்தில் ராயல் ஏரோ கிளப், அமெரிக்காவில் ஏரோ கிளப் ஆஃப் அமெரிக்கா ஆகியவை, 1905இல் நிறுவப்பட்ட அனைத்துலக வானூர்திக் கூட்டமைப்பின் கீழ் இப்பணியைச் செய்தன. தரையில் நட்ட கம்பங்களைச் சுற்றி வட்டமாகவோ எட்டு வடிவிலோ பறந்து, எஞ்சினை நிறுத்திக் குறித்த இடத்துக்கு அருகில் இறங்கிக் காட்டுவதே தேர்வின் உள்ளடக்கமாக இருந்தது. அன்றைக்கு இந்தச் சான்று, பறப்பதற்கான சட்ட அனுமதி என்பதைவிட, போட்டிகளில் கலந்துகொள்வதற்கான தகுதிச் சீட்டாகவே பயன்பட்டது. விண்ணப்பிப்பவர் ஆணாக இருக்க வேண்டும் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. பெண்கள் வருவார்கள் என்ற எண்ணமே அன்று பலருக்குத் தோன்றாமல் இருந்திருக்கலாம்.

அந்த இடைவெளியின் வழியே முதலில் நுழைந்தவர் ரேமோந்த் தெ லாரோஷ். எலிஸ் தெரோஷ் என்ற இயற்பெயருடன், குழாய்ப் பணி செய்தவர் ஒருவரின் மகளாக 1882இல் பாரிசில் பிறந்து, நாடக நடிகையாகப் பெயரெடுத்த அவர், விமானம் கட்டும் சகோதரர்களில் ஒருவரான ஷார்ல் வோய்சேனிடம் பயின்றார். அந்த வோய்சேன் விமானத்தில் ஒருவர் மட்டுமே அமர முடியும் என்பதால், ஆசிரியர் தரையில் நின்று சொல்ல, மாணவி முதல் நாளிலிருந்தே தனியாகவே அதை இயக்க வேண்டியிருந்தது. 1909 அக்டோபர் 22 அன்று அவர் விமானத்தைத் தரையிலிருந்து எழுப்பினார். 1910 மார்ச் 8 அன்று அவருக்கு 36ஆம் எண் உரிமம் கிடைத்தது. உலகில் விமானி உரிமம் பெற்ற முதல் பெண் அவரே. அதே ஆண்டு ஜூலையில் ரேம்ஸ் நகரில் நடந்த விழாவில் விழுந்து எலும்புகள் முறிந்து நெடுங்காலம் படுக்கையில் கிடந்தபின்னும், மீண்டு வந்து பறந்தார்.

அவரைத் தொடர்ந்து வந்த இருவர் மிதிவண்டிப் பந்தயங்களிலிருந்து வந்தவர்கள் என்பது, விளையாட்டுக்கும் பறத்தலுக்கும் அன்றிருந்த நெருக்கத்தைக் காட்டுகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த எலேன் துத்ரியே 1910 நவம்பரில் உரிமம் பெற்றார். அதே மாதத்தில் பிரான்சில் உரிமம் பெற்ற மரி மார்வேங், 1908இல் பிரான்சைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில் பெண் என்பதால் சேர்க்கப்படாமல், ஆண்கள் சென்ற அதே பாதையைத் தனியே ஓட்டி முடித்தவர். காயம்பட்டோரை விமானத்தில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் யோசனையை முதலில் எடுத்துரைத்தவர்களில் ஒருவரும் அவர்தான். ஃபெமினா என்ற பெண்கள் இதழின் வெளியீட்டாளர், ஓராண்டில் இடைநிற்காமல் மிக அதிகத் தொலைவு பறக்கும் பெண்ணுக்கு 2,000 ஃபிராங்க் பரிசும் கோப்பையும் அறிவித்தபோது, துத்ரியே 1910இல் 167 கிலோமீட்டரும் 1911இல் 254 கிலோமீட்டரும் பறந்து இருமுறை அதை வென்றார். 1911இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் நடந்த அரசர் கோப்பைப் போட்டியில் அவர் ஆண் விமானிகள் பதினால்வரைத் தோற்கடித்தார்.

இந்தச் சாதனைகளுக்கு இடையில் பத்திரிகைகளைப் பரபரப்பில் ஆழ்த்திய செய்தி, துத்ரியே இடுப்பை இறுக்கும் கச்சை அணியாமல் பறந்தார் என்பதாகும். கால்வரை நீண்ட பாவாடை கம்பிகளில் சிக்கும், காற்றில் விரியும் என்பதால், பறக்கும் பெண்கள் காற்சட்டையையோ அதுபோன்ற உடையையோ அணிய வேண்டியிருந்தது. பெண் காற்சட்டையோடு பொதுவெளியில் தோன்றுவதே ஒழுங்கீனமாகக் கருதப்பட்ட நாட்களில், விமானத்தில் ஏறுவதற்கு முன்பே அவர்கள் ஊராரின் பேச்சுக்கு ஆளானார்கள். அமெரிக்க இதழாளரான ஹேரியட் குவிம்பி, தரையில் இறங்கியதும் பாவாடையாக மாற்றிக்கொள்ளக்கூடிய ஊதாநிறப் பறப்பு உடை ஒன்றைத் தைத்துக்கொண்டது, பெண்மைக்கு ஊறு இல்லாமலே பறக்கலாம் என்று உலகுக்குக் காட்ட வேண்டிய கட்டாயத்திலிருந்து பிறந்ததாகும்.

பயிற்சிக்கூடத்தில் நேர்ந்தவை

உரிமம் தரும் சங்கம் பெண்ணை மறுக்கவில்லை என்றாலும், அந்த உரிமத்துக்குத் தயார்செய்யும் பயிற்சிக்கூடம் மறுக்க முடிந்தது. பயிற்சிக் கட்டணத்தோடு, விமானம் உடைந்தால் ஈடுகட்டும் முன்பணத்தையும் செலுத்த வேண்டியிருந்ததால், சொந்தப் பணமோ சொந்தச் சம்பாத்தியமோ உள்ள பெண்களால் மட்டுமே அங்கே வாசல் மிதிக்க முடிந்தது. அவர்களிலும் பலர் ஆசிரியரின் தயக்கத்தைக் கடக்க வேண்டியிருந்தது. விமானத்தை உருவாக்கிய ரைட் சகோதரர்களில் இளையவரான ஆர்வில் ரைட், 1912இல் ரூத் லா என்ற பெண்ணுக்கு விமானத்தை விற்கச் சம்மதித்தார், ஓட்டக் கற்றுத்தரச் சம்மதிக்கவில்லை. பெண்களுக்கு இயந்திர நுணுக்கம் வராது என்பது அவர் கருத்து. விமானம் கட்டி விற்ற கிளென் கர்ட்டிஸ், பிளான்ச் ஸ்டுவர்ட் ஸ்காட்டுக்குப் பயிற்சி தந்தார் என்றாலும், விமானம் தரையிலேயே ஓட வேண்டும் என்பதற்காக விசையை முழுதாக அழுத்த முடியாதபடி ஒரு மரக்கட்டையைப் பொருத்திவைத்தார். 1910 செப்டம்பரில் அந்த விமானம் ஸ்காட்டோடு வானில் எழுந்துவிட்டது. அது தற்செயலாக நிகழ்ந்தது என்று ஒதுக்கப்பட்டு, தானும் கணவரும் சேர்ந்து கட்டிய விமானத்தில் அதே மாதம் 16ஆம் நாள் பறந்த பெஸிகா ரெய்ச்சுக்கே முதல் அமெரிக்கப் பெண் விமானி என்ற சிறப்பு அளிக்கப்பட்டது.

ஜெர்மனியில் மெல்லி பீசே சந்தித்த எதிர்ப்பு இன்னும் கடுமையானது. தம் ஊரான டிரெஸ்டனின் கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காததால் ஸ்டாக்ஹோம் சென்று சிற்பம் பயின்ற அவர், பின்னர் பெர்லினுக்கு அருகிலிருந்த யோஹன்னிஸ்தால் விமானத்தளத்தில் பறக்கக் கற்றார். பெண் பறப்பது தங்கள் மதிப்பைக் குறைக்கும் என்று அஞ்சிய உடன் பயின்ற ஆண்கள், அவருடைய விமானத்தின் ஸ்பார்க் பிளக்குகளைக் கெடுத்தும் எரிபொருளை வடித்தும் அவரைத் தடுக்க முயன்றனர். எஞ்சினில் எரிபொருளுக்குத் தீப்பொறி தரும் உறுப்பைச் சேதப்படுத்துவது, நடுவானில் எஞ்சினை நின்றுபோகச் செய்யும் என்பதை அறிந்தே செய்த செயல் அது. அதையும் மீறி, 1911 செப்டம்பர் 13 அன்று, தம் இருபத்தைந்தாம் பிறந்தநாளில், பீசே 115ஆம் எண் உரிமத்தைப் பெற்று ஜெர்மனியின் முதல் பெண் விமானியானார். அடுத்த ஆண்டே சொந்தமாகப் பறப்புப் பள்ளி தொடங்கி, தம் வடிவமைப்பில் விமானமும் கட்டினார்.

இங்கிலாந்தில் ஹில்டா ஹியூலெட், பள்ளி வாசலில் காத்திராமல் பள்ளியையே நிறுவும் வழியைத் தேர்ந்தார். பிரெஞ்சுப் பொறியாளர் குஸ்தாவ் புளோந்தோவோடு சேர்ந்து 1910இல் புரூக்லேண்ட்ஸில் அவர் தொடங்கிய பள்ளியில், பின்னாளில் பெரும் விமானத் தயாரிப்பாளரான தாமஸ் சாப்வித்தும் பயின்றார். 1911 ஆகஸ்டில், நாற்பத்தேழாம் வயதில், 122ஆம் எண் உரிமம் பெற்ற ஹியூலெட், கடற்படை அதிகாரியான தம் மகனுக்கும் தாமே பறக்கக் கற்றுக்கொடுத்தார். அதே ஆண்டில் ரஷ்யாவில் லிதியா ஸ்வெரேவாவும் அமெரிக்காவில் குவிம்பியும் உரிமம் பெற்றனர். ஒரே ஆண்டில் இத்தனை நாடுகளில் பெண்கள் தேர்வில் வென்றது, வாசல் திறந்திருக்கும் இடத்தில் நுழைய அவர்கள் தயங்கவில்லை என்பதற்குப் போதிய சான்று.

ஆனால் பெண்ணின் வெற்றிக்கு ஓர் அளவுகோலும் தோல்விக்கு வேறோர் அளவுகோலும் வைக்கப்பட்டன. 1912 ஏப்ரல் 16 அன்று குவிம்பி, மூடுபனிக்கு நடுவே திசைகாட்டியை மட்டும் நம்பி, டோவரிலிருந்து ஆங்கிலக் கால்வாயை 59 நிமிடங்களில் கடந்து பிரெஞ்சுக் கடற்கரையில் இறங்கினார். அதைச் செய்த முதல் பெண் அவர். முந்தைய நாள்தான் டைட்டானிக் கப்பல் மூழ்கியிருந்ததால் செய்தித்தாள்களில் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 1 அன்று பாஸ்டனுக்கு அருகே அவரும் உடன் பயணித்தவரும் விமானத்திலிருந்து தூக்கியெறியப்பட்டு இறந்தனர். இருக்கைவார் அணியும் வழக்கம் பரவாத அந்நாட்களில் ஆண் விமானிகள் பலரும் இப்படியே மாண்டிருந்தனர். அவர்கள் மரணம் துறையின் இடர்ப்பாடாக எடுத்துக்கொள்ளப்பட்டது, பெண்ணின் மரணமோ பெண்ணினத்தின் தகுதியின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற விமானி கிளாட் கிரஹாம்-வைட், பெண்கள் நெருக்கடியில் பதறிப்போகும் இயல்பினர், ஆகவே பறக்கத் தகாதவர் என்று வெளிப்படையாகவே வாதிட்டார்.

போர் பிரித்த கோடு

1914இல் தொடங்கிய முதல் உலகப் போர் விமானத்தின் நிலையை அடியோடு மாற்றியது. களியாட்டக் கருவியாக இருந்த விமானம் படைக்கலமானதும், பறத்தலின் கட்டுப்பாடு சங்கங்களிடமிருந்து அரசுகளுக்கும் படைத்தலைமைக்கும் சென்றது. பிரான்சில் தெ லாரோஷுக்குப் பறக்கும் பணி மறுக்கப்பட்டு, படைக்கு வாகனம் ஓட்டும் பணியே கிடைத்தது. பீசேயின் இழப்பு இன்னும் பெரிது. பிரெஞ்சு விமானி ஷார்ல் புத்தாரை 1913இல் மணந்ததால், கணவரின் குடியுரிமையே மனைவிக்கும் என்ற அக்காலச் சட்டப்படி அவர் பிரெஞ்சுக் குடிமகளாகியிருந்தார். போர் மூண்டதும் பிறந்த நாட்டிலேயே பகைநாட்டவராக நடத்தப்பட்டு, பள்ளியையும் பட்டறையையும் இழந்தார். போருக்குப் பின்னும் எழ முடியாத அவர் 1925 டிசம்பரில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அமெரிக்காவில் ரூத் லாவின் அனுபவம் முரண்பாட்டின் உச்சம் எனலாம். 1916 நவம்பர் 19 அன்று, பெரிய விமானத்தைப் பெண்ணால் கையாள முடியாது என்று கர்ட்டிஸ் விற்க மறுத்ததால், உடல் முழுதும் காற்றில் வெளிப்பட அமரும் தம் பழைய விமானத்திலேயே, சிகாகோவிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் ஹோர்னெல் வரை 590 மைல் இடைநிற்காமல் பறந்து தேசியச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கா போரில் இறங்கியபோது, ஆள்சேர்ப்புக்கும் போர்நிதி திரட்டவும் அவர் பறப்பதை அரசு வரவேற்றது. படையில் விமானியாகச் சேர அவர் கொடுத்த விண்ணப்பத்தை ஏற்கவில்லை. சான் அந்தோனியோவில் குடும்பமாகப் பறப்புப் பள்ளி நடத்திய ஸ்டின்சன் சகோதரிகளின் கதையும் இதுவே: போருக்குச் செல்லவிருந்த கனடிய இளைஞர்களுக்கு மார்ஜரி பறக்கக் கற்றுக்கொடுத்தார், சீனத்திலும் ஜப்பானிலும் பறந்து பெயர்பெற்ற கேத்தரின் படையில் சேர இருமுறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, ஐரோப்பாவில் காயம்பட்டோர் ஊர்தியை ஓட்டினார். போர்விமானிகளை உருவாக்கப் போதுமான திறமை, போர்விமானியாவதற்குப் போதாது என்பதே அரசின் நிலையாக இருந்தது. ஹியூலெட்டும் புளோந்தோவும் நடத்திய ஆலை போர்க்காலத்தில் 800க்கு மேற்பட்ட விமானங்களைச் செய்து தந்தது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

பெண் என்ற விலக்கோடு நிறவெறியும் சேர்ந்தபோது தடை இரட்டிப்பானது. டெக்சாஸின் பருத்தி வயல்களில் வளர்ந்து, சிகாகோவின் முடிதிருத்தும் கடையில் நகஒப்பனை செய்து பிழைத்த கறுப்பினப் பெண் பெஸ்ஸி கோல்மனை அமெரிக்கப் பறப்புப் பள்ளி ஒன்றும் சேர்க்க முன்வரவில்லை. சிகாகோ டிஃபெண்டர் இதழின் நிறுவனர் ராபர்ட் அபட்டின் தூண்டுதலால் பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குக் கப்பலேறி, லெ குரோத்தோய் என்ற கடற்கரை ஊரின் பள்ளியில் பயின்று, 1921 ஜூன் 15 அன்று அவர் அனைத்துலக உரிமம் பெற்றார். இரண்டாண்டுகளுக்கு முன் தெ லாரோஷ் விமான விபத்தில் இறந்ததும் அதே ஊரில்தான். நாடு திரும்பி சாகசக் காட்சிகளில் பறந்த கோல்மன், கறுப்பினத்தாரைத் தனி வாசல் வழியே அனுப்பும் இடத்தில் பறக்க மறுத்தார். தம் மக்களுக்கென ஒரு பறப்புப் பள்ளி தொடங்கும் கனவு நிறைவேறுமுன், 1926 ஏப்ரல் 30 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் விமானத்திலிருந்து விழுந்து உயிரிழந்தார். அவர் பெயரால் 1929இல் லாஸ் ஏஞ்சலிஸில் எழுந்த சங்கம் அந்தக் கனவைத் தொடர்ந்தது.

எழுத்தில் வந்த விலக்கு

போருக்குப் பின் பயணிகளையும் அஞ்சலையும் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள் தோன்றியபோது, நாடுகளுக்கிடையே பொதுவிதிகள் தேவைப்பட்டன. 1919ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை உருவாக்கிய அனைத்துலக வான்பயண ஆணையம், விமானிகளின் உடல்தகுதி பற்றிய விதிகளை வகுக்கையில், 1924இல், பொதுப் போக்குவரத்து விமானங்களை இயக்கும் பணிக்குழுவில் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்தது. மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் நிதானம் குலையும் என்ற, சோதித்தறியப்படாத மருத்துவ ஊகம் இதற்கு அடிப்படையாயிற்று. பதினான்கு ஆண்டுகளாக உரிமம் பெற்றுப் பறந்துவந்த பெண்களின் அனுபவம் முழுவதும் கண்ணெதிரே இருக்க, அதை யாரும் கேட்டறியாமலே வழங்கப்பட்ட தீர்ப்பு அது. பெண் சொந்தச் செலவில் பறக்கலாம், பறந்து சம்பாதிக்கக் கூடாது என்ற கோடு இத்தீர்மானத்தால் முதன்முறையாக எழுத்தில் வரையப்பட்டது.

அந்தக் கோட்டை அழிக்க முனைந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த சோஃபி பியர்ஸ்-எவன்ஸ். பின்னாளில் சீமாட்டி ஹீத் என்று அறியப்பட்டவர். போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசென்றவரும், பெண்களுக்கான தடகளச் சங்கத்தை இங்கிலாந்தில் உருவாக்கியவர்களில் ஒருவருமான அவர், தம் உடலையே ஆய்வுப்பொருளாக்கி, மாதத்தின் எல்லா நாட்களிலும் பறப்புத் திறன் மாறாமலிருப்பதைச் சோதனைகளால் நிறுவினார். 1926இல் ஆணையம் தடையை விலக்கிக்கொண்டது. ஹீத் வணிக விமானி உரிமம் பெற்று, 1928இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இங்கிலாந்து வரை சிறிய விமானத்தில் தனியே பறந்து வந்தார். ஊகத்தின் பேரில் எவரும் எளிதாக விதி எழுத முடிந்தது, அதை நீக்குவதற்கோ பாதிக்கப்பட்டவரே சான்று திரட்டித் தர வேண்டியிருந்தது என்பது இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

சான்று தந்தபின் நிகழ்ந்தது

1929 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து ஒஹாயோவின் கிளீவ்லாந்து வரை நடந்த பெண்களுக்கான முதல் நெடுந்தொலைவு விமானப் பந்தயத்தில் இருபது பேர் கலந்துகொண்டனர். ஒவ்வொருவரோடும் ஓர் ஆண் வழிகாட்டி செல்ல வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது பெண்கள் அதை ஒருமனதாக மறுத்தார்கள். மார்வெல் கிராசன் வழியில் விழுந்து இறந்ததும் பந்தயத்தை நிறுத்தச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. மற்றவர்கள் தொடர்ந்து பறக்க, லூயிஸ் தேடன் வென்றார். அதே ஆண்டு நவம்பர் 2 அன்று தொடங்கப்பட்ட பெண் விமானிகள் சங்கம், முதலில் சேர்ந்த தொண்ணூற்றொன்பது உறுப்பினர்களின் எண்ணிக்கையையே தன் பெயராகக் கொண்டது. 1930 மே மாதத்தில் ஆமி ஜான்சன் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை, கராச்சி, ஜான்சி, கல்கத்தா வழியாகத் தனியே பறந்தார். விமானங்களைப் பழுதுபார்த்துச் சான்றளிக்கும் தரைப்பொறியாளர் உரிமத்தையும் அவர் பெற்றிருந்தது, இயந்திர நுணுக்கம் பெண்களுக்கு வராது என்ற பழைய வாதத்துக்கு நேரான மறுமொழியாயிற்று.

இத்தனைக்குப் பின்னும் வேலை என்ற கதவு அசையவில்லை. அமெரிக்காவில் ஹெலன் ரிச்சியை 1934 டிசம்பரில் சென்ட்ரல் ஏர்லைன்ஸ் விமானியாகப் பணியமர்த்தியபோது, விமானிகளின் தொழிற்சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. வானிலை மோசமான நாட்களில் அவரைப் பறக்கவிட வேண்டாம் என்று அரசு அதிகாரிகள் அறிவுறுத்தினார்கள். பணி பெயரளவுக்கே எஞ்சியதை உணர்ந்த ரிச்சி 1935இல் விலகினார். அமெரிக்காவின் முறையான பயணியர் நிறுவனம் ஒன்று அடுத்த பெண் விமானியான எமிலி ஹோவல் வார்னரைச் சேர்த்தது 1973இல்தான். எழுத்திலிருந்த தடை நீங்கியதும் அதே வேலையைத் தொழிற்சங்கமும் அலுவலக அறிவுரையும் பயணிகள் அஞ்சுவார்கள் என்ற சாக்கும் செய்தன. இந்தியாவிலும் இதே வரிசை காணப்படுகிறது: 1936இல் சரளா தக்ரால் லாகூர்ப் பறப்புக் கழகத்தின் விமானத்தைச் சேலையுடன் தனியே ஓட்டி உரிமம் பெற்றார், வணிக உரிமத்துக்கான அவர் பயிற்சியோ உலகப் போரால் நின்றுபோனது, வணிக உரிமம் பெற்ற பிரேம் மாத்தூரால், பல நிறுவனங்கள் மறுத்த பின்னரே ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸில் பணியில் சேர முடிந்தது.

ஆகவே, முதல் பெண் விமானிகளின் வரலாறு துணிச்சலின் வரலாறு மட்டுமல்ல. பறக்க முடியுமா என்ற கேள்விக்கு 1910ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. அதன்பின் எழுந்தவை எல்லாம், பறப்பதால் கிடைக்கும் ஊதியத்தையும் அதிகாரத்தையும் யாரோடு பகிர்ந்துகொள்வது என்ற கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள். திறமையை ஐயுற்றவர்களுக்குத் திறமையால் விடைசொல்ல முடிந்தது. பகிர மறுத்தவர்களுக்கு எந்தச் சாதனையும் விடையாகவில்லை. விதியை மாற்றுவதும், சங்கம் கட்டுவதும், வேலையை உரிமையாகக் கோருவதுமே அங்கு வழியாயின. தெ லாரோஷின் உரிமத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டோ, அவ்வளவு மதிப்பு ஹீத் வென்றெடுத்த விதித்திருத்தத்துக்கும் உண்டு. முன்னது ஒரு பெண்ணை வானுக்கு அனுப்பியது. பின்னது, அடுத்து வரும் பெண்கள் அங்கே வேலை கேட்பதற்கான சட்டத் தடையை அகற்றியது.